கடல்பாசி எடுக்கும் பெண்களை ஒரு சங்கமாகச் சேர்க்க என்ன வழி?

கடலோரத்துப் பிள்ளை:
ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் சின்ன ஊர் எங்களுடையது. அம்மா, சித்தி, பெரியம்மா எல்லாருமே பாசி எடுக்கப் போகிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறித்து வந்தால், கரையில் வியாபாரி தன் தராசில் நிறுத்து மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு ஒரு விலை சொல்வார், அதுதான் விலை. தீவுப் பக்கம் போனால் வனத்துறைக்காரர்கள் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஒருமுறை கூட்டம் போட்டோம். அன்றைக்கு எல்லாருக்கும் ஆவேசம், அடுத்த கூட்டத்துக்கு ஆளையே காணோம். ஊர்த் தலைவரிடம் போனால் "சீசன் முடியட்டும் பார்க்கலாம்" என்கிறார். பெண்களோ, நான் காலேஜ் படித்தவள் என்பதால் "நீயே மனு எழுதிக் கொடு தாயி" என்று என் தலையில் கட்டுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாம்பன் அக்கா:
முதலில் அந்த மனுவை நீ எழுதாதே தங்கச்சி. நீ எழுதினால் அது உன் மனுவாகிவிடும், பதில் வராவிட்டால் உன்னைத்தான் கேட்பார்கள்.

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாயா? நாளெல்லாம் தண்ணீரில் கிடந்து வந்தவளைச் சாயங்காலம் கூட்டத்தில் வந்து உட்கார் என்றால் எப்படி வருவாள்? அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது என்று பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இந்தப் பக்கம் உண்டு. நடுவில் கிடைக்கும் சும்மா நாட்களில், பாசி காயப்போட்ட இடத்திலேயே போய் உட்கார்ந்து பேசு.

இந்தக் கட்டுப்பாட்டைச் சாதாரணமாக நினைக்காதே. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, பவளப்பாறையை அழிக்கிறவர்கள் என்ற பழி நம்மேல்தான் விழுந்தது. இத்தனை நாள்தான் எடுப்போம், இரும்பால் சுரண்ட மாட்டோம், மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்க மாட்டோம் என்று சொல்லி அதன்படி நடந்தும் காட்டினால்தான் எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி காது கொடுப்பார். சின்னப்பாலம் ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுகளைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் பரிசு கிடைத்ததே, இந்தப் பெண்களை முன்னின்று நடத்தியதற்குத்தான். ஆகவே உங்கள் ஊருக்கான கட்டுப்பாட்டை முதலில் பேசி முடியுங்கள், மீறினால் என்ன என்பதையும் சேர்த்து. விலையெல்லாம் அப்புறம்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்வது வனத்துறையிடம் எடுபடும், வியாபாரியிடம் எடுபடாது. அவர் கையில் இருப்பது அட்வான்ஸ். பிள்ளைக்கு ஃபீஸ், வீட்டில் ஒரு சாவு, எல்லாவற்றுக்கும் அவரிடம் வாங்கியிருப்பார்கள், பாசியை அவருக்குத்தான் போட்டாக வேண்டும். கூட்டத்தில் கத்திவிட்டு மறுநாள் காணாமல் போனவர்கள் எல்லாம் அங்கே கடன் நிற்கிறவர்களா என்று பாருங்கள், ஆமாம் என்றுதான் வரும். அவர்களைக் கோழை என்று பேசினால் சங்கம் அன்றைக்கே உடைந்தது. எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் என்று முதலில் தெரியவேண்டும், மகளிர் சுயஉதவிக்குழு மூலம் வங்கிக் கடன் வாங்கி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க வேண்டும். மெதுவான வேலைதான், வேறு வழி இல்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பொதுவில் ஒரு தராசு வாங்குங்கள். வியாபாரி வருமுன் அவரவர் மூட்டையை நிறுத்து நோட்டில் எழுதுங்கள், அவர் சொன்ன எடையைப் பக்கத்தில் எழுதுங்கள். சண்டை போட வேண்டாம், வாயே திறக்க வேண்டாம். ஒரு மாத நோட்டை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினால் கூட்டத்துக்கு ஆள் கூப்பிட வேண்டியிருக்காது.

தொண்டி நாட்டுப்படகு:
எங்கள் கதையைக் கேளுங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு 1970களில் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்தது. 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது. இழுக்கவில்லையா என்ன! காகிதத்தில் வாங்கிவிட்டோம் என்று வீட்டுக்குப் போனால் இப்படித்தான், பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை நடக்கும் நாட்களில் பெண்கள் மொத்தமாகப் போய்த் தீர்மானத்தைப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தலைவரைப் பகைக்க வேண்டாம், மேடையில் நாற்காலி போடுங்கள். சங்கத்துப் பொறுப்பு மட்டும் பாசி எடுக்கிற பெண்களிடமே இருக்கட்டும். பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி இருக்கிறது, அங்கேயும் பேசிப் பாருங்கள்.

கடலோரத்துப் பிள்ளை:
தராசு என்றதும் சித்தி உடனே காசு எடுத்துவிட்டார். யார் வீட்டில் வைப்பது என்று இப்போதே சண்டை.

கணக்குப்பிள்ளை:
வியாபாரிக்குக் கடன் இல்லாத வீட்டில் வையுங்கள். உங்கள் வீட்டில் வேண்டாம்.