350 ரூபாயைத் தேடிப் போன பெரியப்பா

குழு: கெடிலக்கரைச் சொந்தங்கள்

செவ்வாய்க்கிழமை

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 11:12
கதிர், இருக்கிறாயா? உன் பெரியப்பா அரைமணி நேரமாக யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறார். நேற்று டிஷ் ரீசார்ஜுக்குக் கட்டிய 350 ரூபாய் போய்விட்டது, டிவி வரவில்லை. கஸ்டமர் கேர் என்று ஒருவனைப் பிடித்திருக்கிறார். ஏதோ செயலி இறக்கச் சொன்னானாம்.

கதிர், 11:13
எண் எங்கே கிடைத்தது?

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 11:13
வீடியோவில். தமிழிலேயே சொன்னார்களாம்.

கதிர், 11:14
பெரியம்மா, அவர் போனை அணைத்துவிடுங்கள். பேச்சைத் துண்டித்தால் போதாது, பொத்தானை அழுத்திப் பிடித்து முழுவதுமாக அணையுங்கள்.

முதுநகர் சித்தி, 11:14
நான் அத்தானுக்குத் தனியாக எழுதட்டுமா?

கதிர், 11:15
வேண்டாம் சித்தி! அது திரையைப் பகிரும் செயலியாக இருந்தால், அவர் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஓ.டி.பி.யும் தெரியும், நீங்கள் எழுதுவதும் தெரியும். பெரியம்மா, கையிலிருந்து பிடுங்கினாலும் பரவாயில்லை.

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 11:17
பிடுங்கிவிட்டேன். கத்துகிறார்.

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 11:20
இப்போது கத்தவில்லை. 9,640 ரூபாய் போய்விட்டது கதிர்.

கதிர், 11:20
உங்கள் போனிலிருந்து உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசுங்கள். பணம் போன நேரம், குறுஞ்செய்தியில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அவனுடைய எண் மூன்றையும் கேட்பார்கள். அவன் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் நிறுத்த வேண்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 12:38
நான் பெரியப்பா பேசுகிறேன். புகார் பதிவாகிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம். பணம் திரும்பி வர ரீஃபண்ட் குறியீடு 9640 என்றான். ஒரு கட்டத்தைக் காட்டினான், அதில் அடித்தேன். அது தொகை எழுதும் கட்டம் என்பது மண்டையில் ஏறவே இல்லை. ரகசியப் பின் (PIN) எண்ணைக் கேட்டது, போட்டேன். கருவூலத்தில் முப்பது வருடம் அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்தவன் நான்.

கதிர், 12:41
பணம் நமக்கு வர அந்த ரகசிய எண் தேவையே இல்லை பெரியப்பா. போவதற்குத்தான் தேவை.

புதுச்சேரி அத்தை, 12:44
அண்ணா, போன மாதம் கிரைண்டர் பழுதானபோது எனக்கும் இதேதான் நடந்தது. 2,000 ரூபாய். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை.

முதுநகர் சித்தி, 12:45
சொல்லியிருந்தால் அத்தான் உஷாராக இருந்திருப்பார் அல்லவா?

புதுச்சேரி அத்தை, 12:45
அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கதிர், 13:20
அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பேசுவது மனிதக் குரலே இல்லை. ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லைப் பல்லில் கல் கடித்ததுபோல் உடைத்து உடைத்து வாசிக்கிறது. எண்ணைப் படத்தின் மேல் இடைவெளி விட்டு எழுதியிருக்கிறான். கணினி கண்டுபிடித்து நீக்கிவிடாமல் இருப்பதற்காக இருக்கும். யாரும் கருத்து எழுத முடியாதபடி மூடிவைத்திருக்கிறான். அதே சேனலில் ஒரு வங்கிக்கு, ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனிக்கு, கேஸுக்கு என்று வரிசையாக வீடியோ. எல்லாவற்றுக்கும் ஒரே எண்! மோசடி என்று புகார் கொடுத்துவிட்டேன். நீங்களும் ஆளுக்கொரு புகார் கொடுங்கள்.

பண்ருட்டி மாமா, 13:31
பத்து இலக்க எண் என்றாலே ஏமாற்றுதான். 1800 என்று தொடங்கினால்தான் நம்ப வேண்டும்.

கதிர், 13:34
அப்படியும் சொல்ல முடியாது மாமா. நம் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. பத்து இலக்கம்தான், ஆனால் உண்மையானது. எண்ணின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அது எங்கிருந்து வந்தது என்றுதான் பார்க்க வேண்டும். வங்கியின் எண் அட்டையின் பின்புறம் இருக்கிறது. மிக்ஸி, கிரைண்டர் என்றால் உத்தரவாத அட்டையில் இருக்கிறது. கேஸ் கசிந்தால் 1906, ரயிலுக்கு 139. டிஷ் எண் பெரியப்பா வீட்டு ரசீதிலேயே இருந்திருக்கும்.

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 13:36
இருக்கிறது. அலமாரியில், நான்தான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். யார் கேட்டார்கள்?

கதிர், 13:40
பெரியப்பா, வங்கிக் கிளைக்கும் இன்றே நேரில் போய் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குச் சொல்லும்வரை நம் தலையில்தான். சொன்ன பிறகு போனால் வங்கியின் தலையில். அந்தச் செயலியை நீக்கும்வரை போனில் வங்கிப் பக்கமே போக வேண்டாம்.

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 13:42
குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாப்பிடக்கூட இல்லை.

சனிக்கிழமை

மஞ்சக்குப்பம் பெரியப்பா, 08:05
எல்லோருக்கும் வணக்கம். புதிய பின் எண்ணுடன் வந்திருக்கிறேன். 9,640-இல் 6,200 ரூபாயை ஒரு கணக்கில் முடக்கிவைத்திருக்கிறார்களாம். எப்போது கைக்கு வரும் என்று தெரியவில்லை.

மஞ்சக்குப்பம் பெரியப்பா, 08:09
இன்னொன்று. அந்த 350 ரூபாய் இன்று காலை தானாகவே கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை.

கதிர், 08:15
வரத்தான் செய்யும் பெரியப்பா. யு.பி.ஐ.யில் கட்டி, கடைக்குப் போய்ச் சேராத பணம் ஐந்து நாட்களுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கிதான் தர வேண்டும்.

மஞ்சக்குப்பம் பெரியப்பா, 08:17
அந்த வீடியோவில் இதைச் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம் பெரியம்மா, 08:18
டிவி இன்னும் வரவில்லை.