அசகாவோ பூச்சாறு தாளில் பழுப்பாகிறது, வழி சொல்லுங்களேன்

வணக்கம். ஜப்பான் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொட்டியில் அசகாவோ (மார்னிங் குளோரி) கொடி வளர்ப்பார்கள். மே நடுவில் தொட்டிக்கு 5 விதை, 1 செ.மீ. ஆழம். விதைத்தோல் கெட்டி, முளைக்காவிட்டால் தோலை லேசாக உரசி ஓரிரவு ஊற வைத்தால் போதும். விதை நஞ்சு, வாயில் போடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மொழிப் பாடத்துக்கு அவதானிப்பு அட்டை. கணக்குக்கு விதை எண்ணிக்கை: காய்க்கு 3 அறை, அறைக்கு 2 விதை. அங்கே முட்டை 10 அடங்கும் டப்பாவில் வருகிறது. அதில் குழிக்கு ஒரு விதையாகப் போட்டால் பத்து பத்தாகச் சேர்ப்பது தானே புரிகிறது. எந்தக் கருவியும் இதற்கு ஈடில்லை.

சிக்கல் ஓவியத்தில்தான். வாடிய 10 பூவை ஜிப் பையில் 2 கரண்டி நீரோடு கசக்கி, மடித்த வாஷித் தாளின் (ஜப்பானிய மரபுக் காகிதம்) முனைகளைத் தோய்க்கிறோம். வினிகர் சேர்த்தால் சிவப்பு, சமையல் சோடா சேர்த்தால் நீலப்பச்சை. சிவப்பு கொஞ்சம் தாங்குகிறது. சோடா பட்டது நாலே நாளில் பழுப்பு. பூவின் நிறமியான ஆந்தோசயனின் காரத்தில் நிலைக்காது என்பது தெரியும். ஆறு வயதுக் கைக்குப் பாதுகாப்பான, நீலத்தைக் காக்கும் முறை உண்டா?

இன்னொன்று: இரவில் விளக்கெரியும் தாழ்வாரத்துத் தொட்டிகள் மட்டும் பூக்கவில்லை. நீண்ட இருட்டு கிடைத்தால் பூக்கும் குறும்பகல் செடி என்பதால் மாலையில் அட்டைப்பெட்டி கவிழ்க்கலாமென்று எண்ணம். எத்தனை மணிக்கு மூடி, எத்தனை நாள் தொடர்ந்தீர்கள்?