பிஷ் பைண்டர்ல வர்ற வளைவும் கோடும் உண்மையில என்ன காட்டுது?

கடல்பித்தன்:
வணக்கம் நண்பர்களே. எங்க பைபர் படகுல புதுசா பிஷ் பைண்டர் (தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி, கீழ இருக்குற மீனை ஸ்கிரீன்ல காட்டுற மெஷின்) மாட்டியிருக்கோம். ஆழம் சரியா காட்டுது, அதுல குறை இல்ல, மீன் விஷயம்தான் புரிய மாட்டேங்குது. படகு ஓடும்போது வளைவு வளைவா வருது, நங்கூரம் போட்டு நின்னா அதே ஆழத்துல ஒரு கோடு வந்து நீண்டுக்கிட்டே போகுது. கோடு நீளமா இருந்தா பெரிய மீனா? ஸ்கிரீனோட இடது பக்கம் தெரியுற மீன் படகுக்கு இடது பக்கம்தான் இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

தூண்டில்காரன்:
மொதல்ல அந்த இடது பக்கத்தை முடிச்சிடுவோம், நிறைய பேர் இதுலதான் குழம்புறாங்க. ஸ்கிரீன்ல இடம் வலம்னு ஒண்ணும் கிடையாது தம்பி. வலது ஓரத்துல புதுசா விழுதே ஒத்தை கோடு, அது மட்டும்தான் இப்ப கீழ இருக்குறது. அதுக்கு இடது பக்கம் பூராவும் ஏற்கனவே நடந்து முடிஞ்சது, கொஞ்சம் கொஞ்சமா தள்ளிக்கிட்டே போகும். அதனால நங்கூரத்துல நிக்கும்போது நீளமா கோடு வந்தா மீன் பெருசுன்னு அர்த்தம் இல்ல, அவ்வளவு நேரம் அது உங்க அடியிலயே நின்னுச்சுன்னு அர்த்தம்.

வளைவு எப்படி வருதுன்னா, டிரான்ஸ்டியூசர்ங்குற பாகம்தான் தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி, திரும்பி வர்ற எக்கோவை கேக்குது. அந்த சத்தம் கீழ போகப் போக டார்ச் வெளிச்சம் மாதிரி விரிஞ்சு போகுது. படகு ஓடும்போது மீன் மொதல்ல அதோட ஓரத்துல மாட்டும், அங்கேருந்து டிரான்ஸ்டியூசருக்கு சாய்வா தூரம் ஜாஸ்தி, அதனால கொஞ்சம் ஆழமா விழும், நேர் அடிக்கு வந்ததும் தூரம் குறைஞ்சு கோடு மேல ஏறும், தாண்டினதும் திரும்ப இறங்கும். மீன் அதே ஆழத்துலதான் இருந்துச்சு, மாறினது தூரம் மட்டும்தான். சைஸ் தெரியணும்னா நீளத்தை விட்டுட்டு கோடோட தடிமனையும் கலரையும் பாருங்க. அதுலயும் ஓரத்தை மட்டும் உரசிட்டுப் போற பெரிய மீன் சின்ன கீறலாத்தான் விழும்.

சால்டரிங்:
அண்ணன் சொன்னதுக்கு மேல உள்ள நடக்குறதை சொல்றேன். டிரான்ஸ்டியூசருக்குள்ள ஒரு பீசோ செராமிக் துண்டு இருக்கு. கரண்ட் பல்ஸ் குடுத்தா அது அதிர்ந்து சத்தம் போடும், எக்கோ திரும்பி வந்து அழுத்தினா அதே துண்டு கரண்ட் உண்டாக்கும், அனுப்புறதும் அதுதான் கேக்குறதும் அதுதான். கடல் தண்ணில சத்தம் நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், காத்துல போறதைவிட 4 மடங்குக்கு மேல. 30 மீட்டர் ஆழம்னா போக வர 60 மீட்டர், 0.04 நொடில பதில் வந்துடும். மெஷின் அளக்குறது இந்த நேரத்தைத்தான். 1948ல ஜப்பான்ல ஃபுருனோ கம்பெனி மீன்பிடிக்குன்னே இதை கொண்டு வந்தப்பவும் இதே கணக்குதான்.

உங்க செட்ல 50, 200 கிலோஹெர்ட்ஸ்னு ரெண்டு அதிர்வெண் இருந்தா, 200 கிலோஹெர்ட்ஸ்ல அலைநீளம் 7.5 மில்லிமீட்டர்தான், பக்கத்துப் பக்கத்துல இருக்குற மீனைக்கூட பிரிச்சுக் காட்டும், ஆனா தண்ணி அதை சீக்கிரம் உறிஞ்சிடும். ரொம்ப ஆழத்துக்கு 50தான், பொதுவா அதுல சத்தம் விரியுற கூம்பும் அகலம். 20 டிகிரி கூம்புன்னா 30 மீட்டர் ஆழத்துல 10 மீட்டருக்கு மேல அகலமாயிடும், அதனால ஸ்கிரீன்ல வந்த மீன் 5 மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம், எந்தப் பக்கம்னு மெஷினுக்கும் தெரியாது.

கடல்பித்தன்:
அண்ணா, ப்ரோ, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இப்பதான் தெளிவாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். சின்ன மீன் கூட்டம் சிவப்பா பளிச்சுனு காட்டுது, ஆனா தூண்டில்ல சுறா மாட்டுன அன்னிக்கு ஸ்கிரீன்ல அப்படி ஒண்ணும் தெரியல, அது ஏன்? அப்புறம் ஸ்பீடு ஏத்தினா ஸ்கிரீன் பூரா புள்ளி புள்ளியாகி தரையே காணாம போயிடுது.

தூண்டில்காரன்:
ரெண்டுக்கும் காரணம் காத்துதான். மீனோட சதை அடர்த்தில கிட்டத்தட்ட தண்ணிதான், சத்தம் பெரும்பாலும் ஊடுருவிப் போயிடும். பலமா திருப்பி அனுப்புறது மீன் வயித்துக்குள்ள இருக்குற காத்துப்பை. சுறாவுக்கு அந்தப் பை கிடையாது, அதான் அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் எக்கோ மங்கலா வருது.

ஸ்பீடுல வர்ற கோளாறு நுரை. டிரான்ஸ்டியூசர் முகத்துக்கு முன்னாடி காத்துக்குமிழி ஓடினா சத்தம் அங்கேயே அடிபட்டுடும். டிரான்ஸ்டியூசரோட கீழ்முகம் படகோட அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கணும், புரொப்பல்லர் பக்கத்துல இருக்கவே கூடாது. ஓடும்போது பின்பக்கம் எட்டிப் பாருங்க, தண்ணி எங்க நுரை இல்லாம வழவழன்னு கழண்டு போகுதோ அங்க மாத்துங்க.

சால்டரிங்:
டிரான்ஸ்டியூசரை படகுக்கு உள்பக்கமா ஒட்டலாம்னு யாராவது சொன்னா, அந்த இடத்துல பைபர் கெட்டியா இருக்கான்னு பாத்துட்டு ஒட்டுங்க, நடுவுல ஃபோம் இருந்தா அதுலயும் காத்துதான், சத்தம் வெளிய போகாது. அப்புறம் மெனுல மீன் பொம்மை போடுற ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க. அது குமிழியையும் பாசியையும்கூட மீனுன்னு போட்டுடும், வளைவு உங்க கண்ணுக்கே தெரியாம போயிடும்.