பழைய பிரசங்கக் குறிப்புகள் தேடலில் அகப்படுவதில்லை: பாமினி, யூனிகோட், வசன அட்டவணை குறித்து உதவி தேவை

கேள்வி: மேடைக்குறிப்பு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கணினியில் சுமார் 400 பிரசங்கக் கோப்புகள் இருக்கின்றன. பழையவை வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்தவை, பிந்தியவை யூனிகோட். நடுவே கொஞ்சம் பிடிஎஃப், கொஞ்சம் ஸ்கேன் செய்த தாள்கள். விண்டோஸ் தேடலில் "விசுவாசம்" என்று கொடுத்தால் ஏழெட்டுக் கோப்புதான் வருகிறது. யூனிகோட் கோப்புகளிலேயே சில வருவதில்லை, அதுதான் புரியவில்லை.

இன்னொன்று. ஒரு வேதபகுதியை எடுக்கும்போது அதில் முன்பே பேசியிருக்கிறோமா என்று பார்க்க எக்செல்லில் பட்டியல் போடத் தொடங்கினேன். 3:16 என்று அடித்தால் அதை அதிகாலை நேரமாக எடுத்துக்கொள்கிறது. பேசாமல் பணம் கொடுத்துப் பெரிய வேதாகம மென்பொருள் ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகுமா?

பதில்: எழுத்துரு_உதவி

இப்போதைக்கு வாங்க வேண்டாம் ஐயா. அந்த மென்பொருள்கள் தங்களிடம் உள்ள நூல்களுக்குள் நன்றாகத் தேடும். உங்கள் பாமினிக் கோப்பை உள்ளே ஏற்றினால் அதுவும் விண்டோஸைப் போலவே விழிக்கும். பாமினியில் சேமித்திருப்பது தமிழ் எழுத்தே அல்ல, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவே. யூனிகோடில்தான் தமிழ் எழுத்துகளுக்கென்று தனிக் குறி எண்கள் உண்டு.

முதலில் எந்தக் கோப்பு எந்த வகை என்று பிரியுங்கள். ஒரு வரியைத் தேர்ந்து எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோட். சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக மாறினால் பாமினி போன்ற வகை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் திஸ்கி அல்லது டேப் என்ற வேறு பழைய குறியீட்டு முறைகள். யூனிகோடாக மாற்றும் கருவியில் வகையைத் தவறாகக் கொடுத்தால் வெளியே வருவது பாதி தமிழ், பாதி குப்பை. அதைத் திரும்பப் பழையபடி ஆக்குவது பெரும்பாடு. ஆகவே வேலையைத் தொடங்குமுன் மொத்தக் கோப்புறையையும் தனி வட்டில் நகலெடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். மேகச் சேமிப்பு ஒத்திசைவை நம்ப வேண்டாம், கெட்டுப்போன கோப்பையும் அது அதே வேகத்தில் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவி போதும். ஆனால் ஆவணம் முழுவதையும் ஒரே தடவையில் அதற்குள் போடாதீர்கள். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி, காற்புள்ளிதான் "இ". ஆவணத்தில் வேறு எழுத்துருவில் அடித்த ஆங்கிலச் சொல்லோ எண்ணோ இருந்தால் அதையும் அந்தக் கருவி பாமினி என்றே நினைத்துக்கொள்ளும். 1,000 என்பது "1இ000" ஆவதும், ரோமர் 8,28 என்பது "8இ28" ஆவதும் இதனால்தான். வேர்டில் மேம்பட்ட தேடலைத் திறந்து, வடிவமைப்பில் எழுத்துரு பாமினி என்று குறித்து, அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்து மாற்றுங்கள். முடித்தபின் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் "இ" நிற்கும் இடங்களைத் தேடித் திருத்துங்கள். வசன எண்களைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பது கட்டாயம்.

"ொ", "ோ" வரும் சொற்களைத் தேடும்போது யூனிகோட் கோப்புகளே அகப்படாததற்குக் காரணம் வேறு. "ொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக (தசம எண் 3018), அல்லது "ெ" (3014), "ா" (3006) என இரண்டு குறிகளாக. "ோ"வும் அப்படியே: 3019, அல்லது 3015 உடன் 3006. திரையில் இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் தெரியாது. குறியீட்டை நேரடியாக ஒப்பிடும் தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சோதிப்பது எளிது. நோட்பேடில் "மொ" என்ற எழுத்தை ஒட்டி, அதன் பின்னால் நின்று பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். "ம" மட்டும் மிஞ்சினால் ஒற்றைக் குறி. "மெ" மிஞ்சினால் இரட்டை. இரட்டையாக இருப்பவற்றை, எளிய உரைக் கோப்பானால் நோட்பேட்++ இல், வேர்டு கோப்பானால் வேர்டிலேயே கண்டுபிடித்து மாற்றிவிடுங்கள். மாற்ற வேண்டிய குறியைத் தட்டச்ச வராவிட்டால், வேர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் அந்தத் தசம எண்ணை அடித்து அங்கிருந்து நகலெடுக்கலாம். "ௌ" வரும் சொற்களில், அந்தக் குறிக்குப் பதில் "ெ" போட்டு பக்கத்தில் ளகரத்தை அடித்து வைத்திருப்பார்கள். அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: தேடல்_பித்தன்

மேலே சொன்னதெல்லாம் முடிந்தாலும் "விசுவாசம்" என்று முழுச் சொல்லாகத் தேடினால் பாதிதான் வரும். வேற்றுமை உருபு ஏறினால் இறுதி மகரம் போய்விடும். "விசுவாசத்தினால்" என்பதற்குள் "விசுவாசம்" இல்லையே! "விசுவாச" என்று நிறுத்துங்கள். விசுவாசி, விசுவாசமுள்ள எல்லாம் சேர்ந்து வரும். "வீடு" வேண்டுமானால் "வீட" என்று கொடுத்தால் வீட்டிலும் வீட்டாரும் அகப்படும். "ஆடு" தேடுவதற்கு "ஆட" கொடுத்தால் மட்டும் ஆடையும் ஆடம்பரமும் கூடவே வந்து நிற்கும், அதற்கு "ஆடு", "ஆட்ட" என்று இருமுறை தேடுவதே மேல்.

கருவி: டாக்ஃபெட்சர். இலவசம், கோப்புறையை ஒருமுறை அட்டவணைப்படுத்திவிட்டால் வேர்டு, லிப்ரே ஆஃபீஸ், பிடிஎஃப் எல்லாவற்றின் உள்ளடக்கத்திலும் தேடும். சொல்லின் அடிப்பகுதிக்குப் பின் நட்சத்திரக்குறி போட வேண்டும்: விசுவாச* என்று. நோட்பேட்++ இன் "கோப்புகளில் தேடு" வசதி எளிய உரைக் கோப்புகளுக்கு மட்டும்தான். புதிய வேர்டு கோப்பு உண்மையில் சுருக்கப்பட்ட ஒரு பொதி, அதை இது பிரித்துப் பார்க்காது. பழைய வேர்டு கோப்புகளை மொத்தமாக மாற்ற லிப்ரே ஆஃபீஸில் கோப்பு பட்டியலின் கீழ் வழிகாட்டிகளுக்குள் ஆவண மாற்றி இருக்கிறது. இது கோப்பு வகையைத்தான் மாற்றும், பாமினியை அல்ல.

பிடிஎஃப் பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடில் உருவாக்கிய பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தாலும் "ெ", "ே", "ை" இடம் மாறி வரக்கூடும். பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைப்பதால் வரும் வினை. மூல ஆவணம் கிடைக்காவிட்டால் பக்கங்களைப் படமாக்கி, தமிழுக்கான எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருளில்) கொடுப்பது அதைத் திருத்துவதைவிட விரைவு. டெசராக்ட் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் இருக்க வேண்டும். "ா"வையும் "ர"வையும் அது குழப்பும், வசன எண்களிலும் வழுக்கும். கையெழுத்துத் தாள்களை அதனிடம் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றுக்குத் தலைப்பு, வேதபகுதி, தேதி மட்டும் அட்டவணையில் ஏற்றி, படமாகவே விட்டுவிடுவது நல்லது.

பதில்: அட்டவணை_அக்கா

எக்செல் சிக்கலுக்கு வருகிறேன். பத்தியை (மேலிருந்து கீழ் வரும் நெடுவரிசையை) "உரை" வகையாக மாற்றினால் 3:16 அப்படியே நிற்கும், ஆனால் அதை வைத்து வரிசைப்படுத்தவோ கணக்கிடவோ முடியாது. 3:16 க்கு முன்னால் 10:1 வந்து உட்காரும். வசனத்தை எண்ணாக்கிவிடுங்கள்: நூல் எண்ணை 1000000 ஆல் பெருக்கி, அதிகாரத்தை 1000 ஆல் பெருக்கி, வசனத்தைக் கூட்டுங்கள். ரோமர் 45 ஆவது நூல், ஆகவே ரோமர் 8:28 என்பது 45008028. நூல், அதிகாரம், வசனம் மூன்றும் தனித்தனிப் பத்தியில் இருந்தால் சூத்திரமே கணக்கிட்டுவிடும்.

ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் தொடக்க எண், முடிவு எண் இரண்டும் வேண்டும். ரோமர் 8:18-30 இல் முன்பு பேசியிருக்கிறீர்களா என்று பார்க்க, தொடக்கம் 45008030 க்கு மிகாமலும் முடிவு 45008018 க்குக் குறையாமலும் உள்ள வரிகளை வடிகட்டுங்கள். அதிகாரம் முழுவதையும் எடுத்துப் பேசியதும், ஒற்றை வசனத்தைத் தொட்டதும், எல்லாம் வந்துவிடும். பகுதியின் பெயரை எழுத்தால் தேடினால் இது ஒருநாளும் கிடைக்காது.

கோப்பின் பெயரிலும் இதே வரிசை: 45-008-028, பிறகு ஆண்டு-மாதம்-நாள், பிறகு தலைப்பு. ஆதியாகமத்துக்கு 01 என்று முன்சுழியம் போடுங்கள். 73 நூல் உள்ள பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுதல் நூல்களுக்கு 67 முதல் 73 வரை கொடுத்தால் மற்ற எண்கள் நகராது.

குறிச்சொற்களை முன்கூட்டியே ஒரு தாளில் முடிவு செய்து, நாற்பதுக்குள் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மன்னிப்பு, மன்னித்தல், பாவமன்னிப்பு என்று மூன்று பெட்டி முளைத்து மூன்றிலும் அரைகுறையாக இருக்கும். உவமைகளைப் பிரசங்கத்துக்குள் புதைக்காமல் தனித் தாளில் வையுங்கள். "எந்தச் சபையில், எந்தத் தேதியில் சொன்னது" என்ற பத்தி ஒன்று அதற்கு அவசியம். ஒரே கதையை அதே ஜனங்களிடம் இரண்டாம் முறை சொல்லாமல் காப்பது அந்தப் பத்திதான்.

மூன்றாண்டு வாசக அட்டவணைப்படி பேசுகிற சபையானால் சுழற்சிக்கும் ஒரு பத்தி. ஆண்டை 3 ஆல் வகுத்து மீதி 1 வந்தால் ஏ, 2 வந்தால் பி, மீதியில்லாவிட்டால் சி. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27 க்கும் டிசம்பர் 3 க்கும் இடையில் வரும். அன்றிலிருந்து அடுத்த ஆண்டின் கணக்கு. டிசம்பர் பிரசங்கங்களை நாள்காட்டி ஆண்டில் போட்டால் சுழற்சி தவறிவிடும்.

பதில்: மூலமொழி

வசன எண்ணுக்கு எப்போதும் உங்கள் சபையில் வாசிக்கும் வேதாகமத்தையே அளவுகோலாக வையுங்கள். எபிரெய மூலத்தைப் பின்பற்றும் விளக்கவுரைகளில் எண் தள்ளிப்போகும். சங்கீதம் 51 நம்மிடம் 19 வசனம், அங்கே தலைப்பும் எண்ணில் சேர்வதால் 21. யோவேல் 2:28-32 அங்கே 3:1-5. மல்கியாவின் நான்காம் அதிகாரம் அங்கே மூன்றாம் அதிகாரத்துக்குள் அடங்கிவிடும். மேற்கோளை அப்படியே அட்டவணையில் ஏற்றினால் வேறு வசனத்துக்குப் போய் நிற்கும்.

பொருள்வாரித் தேடலுக்கு ஸ்ட்ராங் எண்களை (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ராங் அகராதி கொடுத்த எண்களை) குறிச்சொல்லோடு சேர்த்து வைக்கலாம். பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம்" என்று வருவது திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பில் "நம்பிக்கை". பழையதில் "நம்பிக்கை" என்பது இங்கே "எதிர்நோக்கு". தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டு தலைப்பும் கலந்துவிடும். பழைய "விசுவாச"த்துக்குக் கிரேக்க எண் 4102, பழைய "நம்பிக்கை"க்கு 1680 என்று குறித்தால் கலக்காது. ஆனால் 1890 இல் வந்த அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லின் விளக்கத்துக்கும் கடைசியில் உள்ள சொற்பட்டியல், ஆங்கிலப் பழைய பதிப்பு அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பெயர்த்தது என்ற கணக்குதான். அதிலிருந்து பிடித்த பொருளைப் பொறுக்கி எந்த வசனத்திலும் ஒட்டக் கூடாது.

ஈ-சோர்டு, தவேர்ட், மைசோர்டு, ஆண்ட்பைபிள் என்ற வேதாகம மென்பொருள்களில் எதுவானாலும் வசனம் ஒப்பிடவும் குறுக்குக் குறிப்பு பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கத்தை அவற்றின் குறிப்புப் பலகையில் எழுதாதீர்கள். ஈ-சோர்டிலும் மைசோர்டிலும் அந்தக் குறிப்புகள் தரவுத்தளக் கோப்புக்குள் போய்விடும், மேலே சொன்ன டாக்ஃபெட்சர் தேடலில் வராது.

மேடைக்குறிப்பு:

நன்றி. பின்னழிப்புச் சோதனையில் "மெ" மிஞ்சியது, காரணம் பிடிபட்டது. இரண்டு சந்தேகம். மேக் கணினியிலிருந்து வந்த கோப்புகளின் பெயரை மட்டும் தேடினால் சில வருவதில்லை. அடுத்து, வசன ஆதாரம் தேட செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: எழுத்துரு_உதவி

மேக்கின் பழைய கோப்பு முறை, பெயர்களில் உள்ள "ொ", "ோ"வை இரட்டைக் குறியாகப் பிரித்தே சேமிக்கும். மறுபெயரிடும்போது பெயரை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சிடுங்கள். எண் முன்னால் இருந்தால் தமிழ்ப் பெயர் அகப்படாவிட்டாலும் 45-008 என்று தேடி எடுத்துவிடலாம்.

பதில்: மூலமொழி

"இந்தக் கருத்துக்கு எந்தெந்தப் பகுதிகள்" என்று யோசனை கேட்கலாம். வசனத்தின் வாசகத்தை அதனிடமிருந்து எடுக்காதீர்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கலந்து, இல்லாத வாக்கியத்தைச் சரியான எண்ணோடு கொடுக்கும், படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, வேதாகம மென்பொருளில் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்து, வாசகத்தை அங்கிருந்து நகலெடுங்கள். ஒட்டியதும் பின்னழிப்புச் சோதனை ஒருமுறை.