நான்கு வயது மகனின் வயிற்றில் கட்டி: வயிற்றுப் புற்றுநோயாக இருக்குமா?

கோண்டாவில் தாய்:
ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் மகனைக் குளிக்க வார்த்தபோது, அவனுடைய அரைஞாண்கயிறு இடப்பக்கம் மட்டும் தோலில் அழுந்தித் தடம் பதித்திருந்ததைக் கண்டேன். கைவைத்துப் பார்த்தால் விலாவுக்குக் கீழே கல்லுப்போல உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. வழமைபோல ஓடி விளையாடுகிறான். நோ என்று சொல்லவுமில்லை. பூச்சி மருந்து கொடுத்தால் வயிறு இறங்கிவிடும் என்கிறார் மாமி. வைத்தியரோ உடனே ஸ்கான் எடுக்கக் கடிதம் தந்திருக்கிறார். சிறு பிள்ளைகளுக்கும் வயிற்றுப் புற்றுநோய் வருமா?

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, வயிறு என்ற ஒரே சொல்லால் நாங்கள் இரைப்பையையும் சொல்கிறோம், விலாவிலிருந்து இடுப்புவரையுள்ள பகுதி முழுவதையும் சொல்கிறோம். குழப்பம் அதில்தான் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு வரும் இரைப்பைப் புற்றுநோய் பிள்ளைகளுக்கு மிக மிக அரிது. இந்த வயதில் கட்டி தட்டுப்பட்டால், சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோயா, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயா, ஈரலில் வந்ததா என்றே வைத்தியர்கள் பார்ப்பார்கள். இறுகிய மலமோ, சிறுநீர் தேங்கி வீங்கிய சிறுநீரகமோகூட அப்படித் தட்டுப்படலாம்; ஆகையால் இப்போதே எதையும் முடிவுசெய்யாதீர்கள், ஸ்கானை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமாக, வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அமுக்கிப் பார்க்கவோ, எண்ணெய் தடவி உருவவோ விடவேண்டாம். வில்ம்ஸ் கட்டி உடைந்தால் நோய் வயிற்றுக்குள் பரவிவிடும், சிகிச்சையும் கடுமையாகும். இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் சிவந்து போனால் அன்றைக்கே கொண்டு போங்கள்.

மீசாலைத் தந்தை:
எங்கள் மகளுக்கு மூன்று வயதில் வில்ம்ஸ் கட்டி வந்தது. பூச்சி மருந்திலேயே நாங்கள் ஆறு வாரத்தைக் கழித்தது இன்றைக்கும் என்னை வருத்துகிறது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் முதலில் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கி, பின்னர் சத்திரசிகிச்சை செய்து அந்தச் சிறுநீரகத்தை அகற்றினார்கள். இப்போது ஒன்பது வயது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு பள்ளிக்கூடம் போகிறாள். வளர்ந்த நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். ஏற்றிய மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டீன் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. அதைக் கேள்விப்பட்டு யாராவது செடியை அவித்துக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள், அது நஞ்சு. அந்த மருந்தால் மகளின் பாதம் சில மாதம் தளர்ந்து, வாசற்படியில் இடறிக்கொண்டே இருந்தாள்; பிறகு சரியாகிவிட்டது.

கோண்டாவில் தாய்:
ஸ்கான் எடுத்தாயிற்று. கட்டி இடது சிறுநீரகத்தில்தான் இருக்கிறது. நாளைக் காலை வாட்டில் அனுமதிக்கிறார்கள். அரைஞாண்கயிற்றை மாமியே அவிழ்த்துவிட்டார். மகனிடம் என்ன சொல்வது அண்ணா?

மீசாலைத் தந்தை:
உள்ளதைச் சொல்லுங்கள் தங்கச்சி: வயிற்றுக்குள் ஒரு கட்டி இருக்கிறது, அதை எடுக்கப் போகிறார்கள், ஊசி நோகும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன். நோகாது என்று நாங்கள் ஒருமுறை சொன்னோம். அதன்பின் பல நாள் அவள் எங்களை நம்பவில்லை.