மதுரைப் பக்கம் ஃபீல்டு ஆர்ச்சரி: எங்கே ஆரம்பிப்பது, என்ன வில் வாங்குவது?

மேலூர்_வில்:
எல்லாருக்கும் வணக்கம். குறிபார்க்கிற சைட், வில் ஆடாமல் இருக்க மாட்டுகிற ஸ்டெபிலைசர் எதுவும் இல்லாமல் பேர்போவில் எய்கிறவன் நான். இதுவரை சமதரையில், அளந்து வைத்த தூரத்தில்தான் பழக்கம். இப்போது மேடு, பள்ளம், மரநிழல் என்று நடந்துகொண்டே ஒவ்வொரு டார்கெட்டாக எய்கிற ஃபீல்டு ஆர்ச்சரி மேல்தான் மனசு போகிறது. கூட வர நாலைந்து பேர் தயார், எல்லாரும் புதியவர்கள். அழகர்மலை அடிவாரத்திலோ, எங்கள் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு கல்குவாரியிலோ டார்கெட் வைக்கலாமா? ஆளுக்கொரு 40 பவுண்டு வில் (நாணை முழுசாக இழுக்கத் தேவையான விசைதான் அந்தப் பவுண்டு) வாங்கினால் சரியாக இருக்குமா? அப்புறம், ஊர்ப் பிள்ளைகளையும் சேர்க்க ரொம்ப ஆசை. ஆனால் "கண்ணில் பட்டால் யார் பொறுப்பு" என்று பெற்றோர் கேட்கிறார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நத்தம்ரோடு:
தம்பி, முதலில் மலையை மறந்துவிடுங்கள். அழகர்மலை காப்புக்காடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே வருகிறது. நீங்கள் காகித டார்கெட்டில்தான் எய்ய வந்தீர்கள் என்பதை அங்கே நின்று நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது, வில்லோடு காட்டுக்குள் ஓர் ஆள் நின்றாலே வனத்துறைக்கு அது வேட்டைதான். ஒருவர் மாட்டினால் மதுரையில் வில் பிடிக்கிற எல்லார் மேலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். சமணர்மலை, யானைமலை என்றால் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கிற இடங்கள், அரிட்டாபட்டி 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கமெல்லாம் பேச்சே வேண்டாம்.

குவாரியும் வேண்டாம். பாறையில் பட்ட அம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, கார்பன் அம்பாக இருந்தால் வெளியே தெரியாமல் கீறியிருக்கும், அடுத்த தடவை நாணில் வைத்து விடும்போது உடைந்து கையில் ஏறும். வறண்ட கண்மாய்க் கரையும் பார்க்க நல்ல தடுப்பு மாதிரி இருக்கும், ஆனால் கரை மேல் ஆள் நடக்கும், கரைக்குப் பின்னால் ஆடு மேயும். தூக்கி விட்டால் 40 பவுண்டு வில்லின் அம்பு நூறு மீட்டரைத் தாண்டிப் போகும், தெரியும்தானே.

மாந்தோப்புதான் சரியான இடம். அழகர்கோவில், நத்தம் பக்கம் சரிவான தோப்புகள் நிறைய இருக்கின்றன. காய்ப்பு முடிந்த பிறகு உரிமையாளரிடம் பேசி, முடிந்தால் அனுமதியை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டார்கெட்டுக்கும் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், ஒரு டார்கெட்டின் அம்புப் பாதை இன்னொன்றின் நடைபாதையைக் குறுக்கே வெட்டக்கூடாது. உலகப் போட்டிகளில் 24 டார்கெட், ஒவ்வொன்றுக்கும் 3 அம்பு. உங்களுக்கு ஆறு டார்கெட் போதும், அதையே நாலு சுற்று வாருங்கள்.

நாண்_சத்தம்:
இடத்தைப் பற்றி அண்ணன் சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. வில்லைப் பற்றி நான் சொல்கிறேன். புதியவர்களுக்கு 40 பவுண்டு வேண்டவே வேண்டாம், 20இலிருந்து 24க்குள் எடுக்கச் சொல்லுங்கள். அதிக பவுண்டு வாங்கியவர்கள் முதல் வாரமே தோளைக் கெடுத்துக்கொண்டு, நாணை முகத்தில் பதிய வைக்க முடியாமல் அவசர அவசரமாக விட்டு, அந்தப் பழக்கத்தை அப்புறம் வருடக்கணக்கில் சுமக்கிறார்கள். மூன்று துண்டாகக் கழற்றுகிற ரீகர்வ் (நுனி முன்பக்கம் வளைந்த வில்) வாங்கினால் உடம்பு தேறியதும் லிம்ப், அதாவது மேலும் கீழும் வளைகிற கைகளை, மட்டும் மாற்றலாம், நடுவில் இருக்கிற பிடி அதேதான். வில்லில் எழுதியிருக்கிற பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. கை குட்டையானவர் 26 அங்குலம்தான் இழுப்பார், அவருக்கு நாலைந்து பவுண்டு குறைவாகவே வரும். ஆகவே முதலில் இழுப்பை அளந்து, அதற்கு ஏற்ற விறைப்பில் அம்பு வாங்குங்கள், விறைப்பு பொருந்தாவிட்டால் நல்ல ஆளுக்கும் அம்பு பக்கவாட்டில்தான் போகும். லாங்போ (நுனி வளையாத நீள வில்) பிடிக்கிறவர்கள், அம்பைக் கைமேல் வைத்து எய்கிறவர்கள் பிளாஸ்டிக் இறகு வேண்டாம், நிஜ இறகு ஒட்டிய அம்பே எடுங்கள். உரசும்போது அது மடங்கிக் கொடுக்கும்.

சரிவில் எய்கிறபோது ஒரு கணக்கு இருக்கிறது. 30 டிகிரி கீழ்ச்சரிவில் 30 மீட்டர் தள்ளி இருக்கும் டார்கெட்டுக்கு 26 மீட்டர் என்று வைத்து எய்ய வேண்டும், மேல்நோக்கியும் ஏறக்குறைய அப்படியே. கையை மட்டும் ஏற்றி இறக்காமல் இடுப்பிலிருந்து சாயுங்கள், தோள் கோடு கலையக்கூடாது. சமதரையில் பழகியவர்கள் எல்லாருக்கும் தடுமாறுகிற இடம் இதுதான். பேர்போவுக்கு போட்டியில் அதிகபட்சம் 50 மீட்டர், அதில் பாதி டார்கெட்டுக்குத் தூரம் சொல்ல மாட்டார்கள், கண்ணால்தான் அளக்க வேண்டும். ஃபீல்டு ஆர்ச்சரியின் ருசியே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், ஒட்டுப்பலகை லிம்ப் பிரிந்துவிடும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவும் கூடாது, எவ்வளவு விலையுள்ள வில்லும் அதில் விரிசல் விடும்.

பி_டி_டீச்சர்:
பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்க விடுங்கள் சார், அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. விசில் முறையைக் கண்டிப்பாக வையுங்கள்: இரண்டு விசிலுக்குக் கோட்டுக்கு வருவது, ஒன்றுக்கு எய்வது, மூன்றுக்கு எல்லாரும் சேர்ந்து போய் அம்பு எடுப்பது. மூன்று விசில் கேட்காமல் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு அன்றைக்கு வில் கிடையாது என்று சொல்லி, அதில் உறுதியாக நில்லுங்கள். முதல் மாதம் ஐந்தாறு மீட்டரிலேயே பெரிய டார்கெட்டில் எய்யட்டும், தூரத்தைக் கேட்டு அவர்களே வருவார்கள்.

விலையுள்ள ரீகர்வ் இல்லாமலேயே போட்டிக்குப் போகலாம் என்பது நம் பக்கம் பலருக்குத் தெரிவதில்லை. தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. மூங்கில் வில், 50 மீட்டர், 30 மீட்டர். மூங்கில் வில்லில் ஆரம்பித்துத்தான் ராஜஸ்தானின் லிம்பா ராம் மூன்று ஒலிம்பிக் போனார், தீபிகா குமாரியின் கதையும் ராஞ்சிப் பக்கத்தில் அப்படித்தான் தொடங்கியது. அவர்கள் படத்தைக் காட்டிப் பேசினால் பிள்ளைகள் முகமே மாறிவிடும், நான் நேரில் பார்க்கிறேன்.

நம் ஊரில் மகர்நோன்பு அன்று சாமி அம்பு விடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள், வில் புதிதல்ல. முடிந்தால் ஆடி மாதம் கொல்லிமலையில் நடக்கிற வல்வில் ஓரி விழாவுக்கு ஒரு வேன் பிடித்துக் கூட்டிப் போங்கள், வில் போட்டியே நடக்கும்.

மேலூர்_வில்:
மூன்று பேருக்கும் நன்றி. மலை, குவாரி இரண்டையும் விட்டுவிட்டோம், தெரிந்த ஒருவருடைய மாந்தோப்பில் பேசிப் பார்க்கிறேன். 24 பவுண்டில் இரண்டு ரீகர்வ், பிள்ளைகளுக்கு மூங்கில் வில். டார்கெட்டுக்கு வைக்கோல் கட்டு போதுமா டீச்சர்? மழையில் மக்கிவிடுமே.

பி_டி_டீச்சர்:
வைக்கோலை நன்றாக இறுக்கிக் கட்டினால் குறைந்த பவுண்டுக்குத் தாங்கும், ஆனால் ஒரு மழைக்கு மேல் நம்பாதீர்கள். பெரிய சாக்கில் பழைய துணியைத் திணித்துத் திணித்து அடைத்துத் தைத்துவிடுங்கள், பட்டன், ஜிப் எல்லாவற்றையும் முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். எய்து முடித்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம், சாக்கு கிழிந்தால் மேலே இன்னொரு சாக்கு.