ஒரு நாட்டை முஸ்லிம் நாடு என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி:
இந்தோனேசியாவை உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடு என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அங்கே இஸ்லாம் அரச மதமே அல்ல என்கிறார் என் நண்பர். மக்கள்தொகை, அரசியலமைப்பு, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்புரிமை ஆகியவற்றில் எதை அளவுகோலாகக் கொள்வது?

மறுமொழி 1:
உங்கள் நண்பர் சொல்வது சரி. 1945 ஜூன் 22இல் அரசியலமைப்பின் முன்னுரைக்கான வரைவாக எழுதப்பட்ட ஜகார்த்தா சாசனத்தில், இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரீஅத்தின்படி நடக்கக் கடமைப்பட்டவர்கள் என்றொரு தொடர் இருந்தது. கிழக்குப் பகுதிக் கிறித்தவர்கள் எதிர்ப்பதாக அறிந்த விடுதலை இயக்கத் தலைவர் முகம்மது ஹத்தா முஸ்லிம் தலைவர்களிடம் பேசி இணங்கவைத்ததால், விடுதலை அறிவிக்கப்பட்ட மறுநாளே, ஆகஸ்ட் 18இல், அத்தொடர் நீக்கப்பட்டது. இந்தோனேசிய அரசின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளான பஞ்சசீலத்தின் முதற்கொள்கையாக ஓரிறை நம்பிக்கை மட்டுமே எஞ்சியது. எனவே அது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடே தவிர, இஸ்லாமியக் குடியரசு அன்று.

மறுமொழி 2:
உறுப்புரிமையை அளவுகோலாக்குவது வீண் வேலை. ஐம்பத்தேழு உறுப்பு நாடுகளில், முஸ்லிம்கள் சிறுபான்மையினராக உள்ள உகாண்டா, காபோன், சுரினாம், கயானா ஆகியனவும் உண்டு. இடி அமீன் காலத்தில் உகாண்டா சேர்ந்தது ஆட்சியாளரின் விருப்பத்தால்தான். மாறாக, அந்த அமைப்பு உருவாகக் காரணமான 1969 ரபாத் மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட இந்தியா, பாகிஸ்தானின் எதிர்ப்பால் வெளியே நிறுத்தப்பட்டது.

மறுமொழி 3:
அரசியலமைப்பின் வாசகத்தைவிட, திருமணத்தையும் வாரிசுரிமையையும் நீதிமன்றம் எந்தச் சட்டப்படி தீர்க்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. துனீசியாவின் 1959 அரசியலமைப்பு இஸ்லாத்தை நாட்டின் மதமாகக் குறிப்பிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1956இல், அந்நாட்டுத் தலைவர் ஹபீப் பூர்கீபா கொண்டுவந்த குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடைசெய்திருந்தது. அரச மதம் இல்லாத இந்தோனேசியாவிலோ முஸ்லிம்களின் மணவிலக்கு வழக்குகளை மத நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. பெயர்ப்பலகை ஒன்று, நடைமுறை வேறொன்று.

கேள்வி கேட்டவர்:
அந்த அளவுகோலின்படி துருக்கியை எங்கே வைப்பீர்கள்?

மறுமொழி 3 எழுதியவர்:
1926இல் சுவிட்சர்லாந்தின் உரிமையியல் சட்டத்தை அடியொற்றிய சட்டத்தை ஏற்று, 1928இல் அரச மதம் என்ற விதியையும் நீக்கிய நாடு அது. மக்களைக் கணக்கிட்டால் முஸ்லிம் நாடு. நீதிமன்றத்தைப் பார்த்தால் அல்ல. அரசைப் பற்றிப் பேசுகிறோமா, மக்களைப் பற்றிப் பேசுகிறோமா என்பதை முதலில் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி இராது.